சாமி அறைச் சுவருக்குள் இரண்டு பச்சை

அன்புள்ள அப்பா,

எல்லாரும் கேட்கவே சொல்கிறேன். உங்களைக் கொன்றது வாஷிங் மெஷின் இல்லை. அதை மாட்டிய எலக்ட்ரீஷியன் சேகர் அண்ணனும் இல்லை. நீங்கள்தான்.

கூடுவாஞ்சேரியில் வீடு கட்டும்போது, பூஜை அறைச் சுவருக்குள் கறுப்பு ஒயர் போவதைப் பார்த்து ஒயரிங் செய்த ஆளிடம் முகம் சுளித்தீர்கள். "சாமி ரூம்ல கறுப்பா? பச்சை போடுப்பா, மங்களகரமா இருக்கும்." மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரலுக்குக் கறுப்பு, ஷாக்கிலிருந்து காக்கும் எர்த்துக்குப் பச்சை, அது விதி என்றேன். நிறம் அழகுக்கு இல்லை, நாளை சுவரில் ஒயர்கள் சேரும் பெட்டியைத் திறப்பவன் பிழைப்பதற்கு என்றும் சொன்னேன்.

"இன்ஜினியரிங் எல்லாம் ஆபீஸ்ல வெச்சுக்கோ. செவுத்துக்குள்ள யார்ரா எட்டிப் பாக்கப் போறா?"

சேகர் அண்ணன் எட்டிப் பார்த்தார். பூஜை அறைக்குப் பின்னால் மெஷினுக்கு பாயின்ட் எடுக்க வந்தவர், பெட்டிக்குள் ஒரு சிவப்பையும் இரண்டு பச்சையையும் பார்த்தார். டெஸ்டர் வைத்தால் இரண்டு பச்சையிலும் விளக்கு எரியாது. எது எர்த் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"நான் கேட்டேன் தம்பி. ரெண்டும் ஒண்ணுதான், எதையாவது போடுன்னார் உங்கப்பா. நான் இன்னா பண்ணட்டும்?" இதைச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டும் மாறிப்போயின; எர்த் சேர வேண்டிய மெஷினின் தகரத்தில் நியூட்ரல் சேர்ந்தது. அது சரியில்லை என்று மெயின் பெட்டியில் இருந்த பாதுகாப்பு ஸ்விட்ச் விழுந்து விழுந்து சொன்னது. சேகர் அண்ணன் மறுநாள் வந்து பார்ப்பதாகச் சொல்லியும் உங்களுக்குப் பொறுமை இல்லை. "ஒரே பேஜார்" என்று வேறு ஆளைக் கூப்பிட்டு அந்த ஸ்விட்சையே கழற்ற வைத்தீர்கள். உயிரைக் காக்கிற ஒரே பொருள் அது. அன்றைக்குத் துணி நன்றாகத் துவைந்ததாக போனில் பெருமையாக வேறு சொன்னீர்கள்.

மழையில் நியூட்ரல் இணைப்பு ஒன்று விட்டுப்போனது. திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம், மெஷினின் தகரத்தில் வந்து நின்றது. நீங்கள் ஈரக் கையோடு மூடியைத் தொட்டீர்கள்.

அண்ணன் தம்பி பாசத்தில் பெரியப்பா போலீசில் புகார் கொடுத்துவிட்டார். தாம்பரத்தில் சேகர் அண்ணனின் கடை பூட்டிக் கிடக்கிறது. நடந்ததை ஸ்டேஷனில் சொல்லப் போகிறேன் என்றதும் அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "போனவர் பேரை நாறடிக்காதடா. அந்த சேகர் வேற வேலை பாத்துப்பான்."

உங்கள் பேருக்காக இன்னொருவர் ஜெயிலுக்குப் போக வேண்டுமா அப்பா? உயிரோடு இருந்திருந்தால் நீங்களே வந்து உண்மையைச் சொல்லியிருப்பீர்களா? எனக்கு நம்பிக்கை இல்லை.

நாளைக் காலை ஸ்டேஷனுக்குப் போகிறேன். உங்கள் பேர் கெடும், கெடட்டும். திரும்பி வந்து சுவரை உடைப்பேன். சாமி படத்துக்கு நேர் பின்னால் கறுப்பு ஒயர் போடுவேன். அம்மா இனி அங்கே பயமில்லாமல் ஸ்விட்ச் போடலாம். உங்கள் படத்துக்கு மாட்டும் சின்ன பல்புக்கும் நியூட்ரல் கறுப்புதான்.

இப்படிக்கு,
நீங்கள் பேசவிடாத உங்கள் மூத்த மகன்