சங்குச் சத்தம்

ஹைட்டி, 1918

கியூபாவில் கரும்பு வெட்டும் என்னவருக்கு,

இங்கே சோளம் நன்றாக விளைந்து, உதிரவும் தொடங்கிவிட்டது.

உங்கள் தம்பி ஒனெலை விசாரித்திருந்தீர்கள். அன்று அடிவாரத்தில் சங்குச் சத்தம் கேட்டது. யாரோ தன் வயலில் கூட்டுவேலைக்கு ஊரை அழைக்கிறார் என்று ஆண்களெல்லாம் மண்வெட்டியோடு பாடிக்கொண்டே போனார்கள்.

"அங்க ஆட்டுக்கறி போடுவாங்க அண்ணி, உங்க கஞ்சிய நீங்களே குடிங்க" என்று சிரித்துவிட்டுப் போனான்.

ஊதியது அமெரிக்கப் படையின் ஆள். ஊதக் கற்றுக்கொடுத்தவன் வாய் அழுகிப்போக! எல்லோரையும் கயிற்றில் பிணைத்துச் சாலை போட இழுத்துப்போனார்கள். ஒனெலின் தொப்பி மட்டும் வந்தது. துவைத்து வைத்திருக்கிறேன்.

நேற்று அறுவடைக்கு ஆள் கூப்பிட, நம் வயலில் நானே சங்கு ஊதினேன். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊரே மலைமேல் ஓடிவிட்டது.

வரச் சொல்லத் துணியாத
உங்கள் மனைவி