போன் பண்ணிவிட்டுப் போன ஞாயிறுகள்

என் அன்பு அப்பாவுக்கு,

முப்பத்தொரு வருஷம் கிள்ளான் பாதையில் பஸ் ஓட்டி, கடைசி ஆள் இறங்கும்வரை கதவைச் சாத்தாத அப்பாவுக்கு, உங்கள் மூத்தவள் எழுதுகிறேன்.

நீங்கள் போய் நாற்பத்திரண்டு நாள் ஆகிறது. அழுது முடித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போதெல்லாம் அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வருகிறது. சோறு பிசையும்போது வருகிறது, எல்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டிருக்கும்போது வருகிறது. உங்களிடமிருந்து வந்த கோபம்தானே, வேறு யாரைக் குறை சொல்ல?

இதை நீங்கள் மட்டும் படித்தால் போதாது. அப்பாவையோ அம்மாவையோ ஒரு முதியோர் ஹோமில் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் படிக்க வேண்டும். நானும் அப்படிப் போனவள்தான்.

ஸ்ட்ரோக் வந்து உங்கள் வலப்பக்கமும் பேச்சும் போனபோது, சாலாக் செலாத்தான் ஃபிளாட்டின் நாலாவது மாடிக்கு உங்களை ஏற்றி இறக்க வழியில்லை. லிஃப்ட் ஓடினால்தானே. நான் காலை ஏழு மணிக்கு பெட்டாலிங் ஜெயா ஃபேக்டரியில் இருந்தாக வேண்டும். அப்போதுதான் கிள்ளானில் இருக்கும் அந்த ஹோமைப் பற்றிச் சொன்னார்கள். நடத்துவது நம்ம ஆள், தமிழ் பேசுவார்கள், ரசம் சோறு கொடுப்பார்கள் என்றார்கள். நம்ம ஆள் என்ற ஒரு வார்த்தைக்கே நான் தலையாட்டிவிட்டேன். வேறு யாருடைய ஹோமாக இருந்தாலும் கழிப்பறைவரை போய் மோந்து பார்த்திருப்பேன். நம்ம ஆள் வீட்டில் அப்படிச் செய்தால் மரியாதை இல்லையாம்.

அதை நடத்தும் அம்மாளை எல்லாரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். சேர்த்த அன்றே ஒரு விதி சொன்னார். "வர்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடி ஒரு கால் குடுத்துருங்க அமுதா. அங்கிள் குளிச்சிக்கிட்டு இருப்பாரு, தூங்கிக்கிட்டு இருப்பாரு. நீங்க வந்து சும்மா காத்துக்கிட்டு உக்கார வேணாம்லா."

எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன். அப்பா, நான் பதினெட்டு வருஷமாகக் கையுறை ஃபேக்டரியில் கியூசி, தரம் சோதிக்கிறவள். சொல்லாமல் போய் நிற்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் வருவது தெரிந்தால் லைனில் எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? ரப்பர் கையுறைக்குக் காட்டிய அக்கறையை உங்களுக்குக் காட்டவில்லை.

பதினாலு மாதம். ஒவ்வொரு ஞாயிறும் பெடரல் ஹைவேயில் ஷா ஆலாம் தாண்டியதும் போன் பண்ணுவேன். நான் போய்ச் சேரும்போது நீங்கள் ஹாலில் வீல்சேரில் இருப்பீர்கள். தேய்த்த சட்டை, கழுத்தில் பவுடர், நெற்றியில் மூன்று கோடு விபூதி. செல்வராணி பக்கத்தில் நிற்பாள். உங்களைப் பார்த்துக்கொண்ட பெண், ஊர் புதுக்கோட்டைப் பக்கம், வேலை பெர்மிட்டில் வந்தவள். அவள் முகத்தை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. தண்ணீர் கொண்டுவா, ஃபேனைக் கூட்டிவை என்பதோடு சரி.

அந்த விபூதியைப் பார்த்து நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அம்மா போனதிலிருந்து நீங்கள் சாமியோடு பேச்சுவார்த்தையை நிறுத்தியவர். தைப்பூசத்துக்கு பத்துமலைவரை எங்களைக் கூட்டிக்கொண்டு வந்து, வெளியே சாலையோரம் நின்றுகொண்டு பேப்பர் படிப்பவர். அந்த மனுஷன் நெற்றியில் பட்டை. வயசான காலத்தில் மனசு இறங்கிவிட்டது என்று நினைத்துப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லாரும் கைகூப்பிப் பதில் போட்டார்கள்.

கடைசி இரண்டு மாதமாக உங்கள் இடக்கை என் கையைப் பிடித்து இடுப்புப் பக்கம் இழுத்தது. இழுத்து இழுத்துப் பார்த்தீர்கள். நான் என்ன செய்தேன்? கைலி நழுவுகிறது போலிருக்கிறது என்று இறுக்கிக் கட்டிவிட்டேன். ஒவ்வொரு வாரமும் கட்டினேன். கட்டிவிட்டு, "இப்ப சரியாப்பா?" என்று வேறு கேட்டேன்.

பிறகு அந்தப் புதன்கிழமை. கிள்ளானில் எங்கள் ஃபேக்டரிக்கு அட்டைப்பெட்டி அனுப்பும் கம்பெனிக்கு வேலையாகப் போனேன். பதினோரு மணிக்கே முடிந்துவிட்டது. போனில் சார்ஜ் தீர்ந்திருந்ததால் சொல்லாமலே ஹோமுக்கு வந்தேன். சந்தேகப்பட்டுத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை அப்பா, பேட்டரிதான் காரணம்.

கேட்டைத் திறந்தது செல்வராணி. அவள் கையில் சோற்றுத் தட்டு. ஹாலில் வீல்சேர் ஒன்றுகூட இல்லை, எல்லாம் சுவரோரம் மடக்கி வைத்திருந்தது. உள்ளே மூன்று அறைகளில் கட்டில் கட்டிலாக ஆட்கள். ஒருவர் தண்ணீர் தண்ணீர் என்று மலாயில் கேட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் ஜன்னலோரக் கட்டிலில் நனைந்த விரிப்பில் மல்லாந்து கிடந்தீர்கள். நான் உங்களைப் புரட்டிப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே இருந்த புண்ணில் என் விரல் மூன்று உள்ளே போயிருக்கும். அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குத் திராணி இல்லை.

கட்டில் கம்பியில் ஓர் அட்டை தொங்கியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை உங்களைத் திருப்பிப் படுக்கவைத்ததற்கு டிக் போடும் அட்டை. மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை, மாலை ஆறு மணிவரை டிக் விழுந்திருந்தது.

அதைக் கிழித்துச் செல்வராணி முகத்தில் எறிந்தேன். "நீயெல்லாம் ஒரு பொம்பளையா? உன் அப்பனா இருந்தா இப்படிப் போடுவியா?" என்று கத்தினேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் விடவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, ஒரு நர்ஸிடம் சார்ஜர் வாங்கிச் செருகி, மேடத்துக்கு நாலு நிமிஷம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். செல்வராணிதான் காரணம், அவளைத் துரத்துங்கள், அவளை எங்கேயும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று. மேடம் உடனே பதில் போட்டார். "சோரி அமுதா. ஐ வில் டேக் ஆக்‌ஷன்."

புண் எத்தனை வாரமாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார். பதினோரு நாளில் நீங்கள் போய்விட்டீர்கள்.

கருமக்கிரியைக்கு மேடம் வந்தார், அப்பா. வெள்ளைச் சேலை, கையில் பூமாலை. உங்கள் படத்துக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். பணிப்பெண் செல்வராணியின் அலட்சியமே காரணம், ஹோம் மீது குடும்பத்துக்கு எந்தப் புகாரும் இல்லை என்று எழுதியிருந்தது. என் வாய்ஸ் மெசேஜில் நான் சொன்ன வார்த்தைகளை அப்படியே மலாயில் போட்டிருந்தார்கள்.

"இந்த ஃபாரின் ஆளுங்களே இப்படித்தான்லா. நீங்களே சொன்னீங்கதானே? சைன் பண்ணிட்டா அவளை பிளாக்லிஸ்ட் பண்ணி அனுப்பிடலாம். அப்பா ஆத்மாவும் சாந்தி அடையும்."

சித்தப்பா பக்கத்தில்தான் நின்றார். "போனவரு திரும்பி வரப் போறதில்ல. போட்டுக் குடுத்துட்டு வேலையப் பாரும்மா," என்றார்.

பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன் அப்பா. பொய் சொல்லவில்லை, வாங்கிவிட்டேன். அப்போது மேடம் சொன்னார், "ஒங்களுக்குத் தெரியாதா, நீங்க வர்ற சண்டே எல்லாம் நாங்க அங்கிளை எவ்வளவு நல்லா வச்சிருந்தோம்?" நான் வருகிற ஞாயிறு எல்லாம். அப்படியானால் மற்ற ஆறு நாளும் மேடத்தின் ஏற்பாடுதானே? பதினெட்டு வருஷக் கியூசிக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

செல்வராணியைக் கண்டுபிடிக்கப் பத்து நாள் ஆனது. என் மெசேஜ் போன மறுநாளே மேடம் அவளை வெளியே அனுப்பிவிட்டார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மெஸ்ஸுக்கு மேல்மாடியில், ஊர்க்காரப் பெண்ணின் அறையில் இருந்தாள். பாஸ்போர்ட் இன்னும் மேடத்தின் அலமாரியில். படிக்கட்டில் உட்கார்ந்துதான் பேசினோம். என்னை உள்ளே வாங்க என்று அவள் கூப்பிடவில்லை.

இருபத்துமூன்று பேருக்கு இரண்டு பெண்கள் இருந்தார்களாம். இந்தோனேசியாக்காரப் பெண் ஓடிப்போன பிறகு இரண்டு மாதம் இவள் ஒருத்திதான். சமையலும் அவளே, துணி துவைப்பதும் அவளே. படுப்பது வாஷிங் மெஷின் பக்கத்தில். ஊருக்குப் பேச வாரத்தில் ஒரு நாள்தான் போன் கையில் கொடுப்பார்களாம். அட்டையில் டிக்கெல்லாம் காலையிலேயே போட்டுவிட வேண்டும் என்பது மேடத்தின் உத்தரவு. செக்கிங் யாராவது வந்தால் காட்ட வேண்டுமே.

"புண்ணு வந்திருக்குன்னு மூணு தடவ சொன்னேன்க்கா. பவுடர் போடுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா கேள்வி வரும்னாங்க. ஒங்ககிட்ட சொல்லலாம்னு பாத்தா, நீங்க இருக்கிற வரைக்கும் மேடமும் ஹால்லயே உக்காந்திருப்பாங்க."

"நான் ஒரு தடவை தனியா கேட்டிருந்தா?"

"கேக்கலையே."

அப்புறம் அவளாகவே சொன்னாள். "நீங்க போன் பண்ணுனதும் மேடம் கத்துவாங்க. ஊட்டிக்கிட்டு இருந்த தட்டக் கீழ வச்சிட்டு ஓடணும். ஐயாவத் தொடச்சு, சட்ட மாத்தி, சேர்ல உக்கார வைக்க அர மணி நேரம். அந்த நேரத்துல மத்த ஆளுங்க பட்டினியா ஈரத்துல கெடப்பாங்க. தமிழ் ஆளுன்னா பட்ட போட்டு உக்கார வைன்னு உத்தரவு. ஐயா தலையத் தலையத் திருப்புவாரு. புடிச்சுக்கிட்டுத்தான் போடுவேன்."

நான் படம் எடுத்துக் குழுவில் போட்டேனே, அந்தப் பட்டைதான் அப்பா.

உங்களைப் பற்றி இன்னொன்றும் சொன்னாள். மற்றவர்களைப் புரட்டிப் போட அவள் ஒருத்தியால் முடியாதாம். "ஐயா மட்டும் இடது கையால கம்பியப் புடிச்சு இழுத்துக் குடுப்பாரு. எனக்கு இடுப்பு வலின்னு அவருக்குத் தெரியும்." பேச்சு இல்லாமல், வலியோடு கிடந்தவர் நீங்கள். அவளுடைய இடுப்பு வலி உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அவளுடைய ஊர்ப் பெயருக்குமேல் ஒன்றும் தெரியாது.

மன்னித்துவிடு என்று கேட்டேன். அவள் முகம் கடுகடுவென்று ஆனது. "மன்னிப்ப வச்சு நான் என்னக்கா பண்ண? எல்லாத்துக்கும் நான்தான் காரணம்னு ஒங்க வாயால சொன்னது மேடம் போன்ல இருக்கு. அத அழிக்க முடியுமா?"

முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

மேடத்தின் மேல் எனக்கு இருக்கும் ஆத்திரத்தை எழுத இந்தத் தாள் போதாது. ஒரு பெண்ணைப் பூட்டிவைத்து மாடாக உழைக்கவிட்டு, மாட்டிக்கொண்டதும் அவள் தலையிலேயே பழியைக் கட்டுகிற ஜன்மம். ஹோம் இன்றைக்கும் நடக்கிறது. செல்வராணி இடத்தில் வேறொரு பெண் வந்துவிட்டாளாம். போன ஞாயிறு சொல்லாமல் போய் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். கார் காராகக் குடும்பங்கள் வந்து இறங்கின. எல்லார் கையிலும் பழப் பை. ஒருவரைக் கேட்டேன், "போன் பண்ணிட்டுத்தான் வந்தீங்களா அண்ணே?" என்று. "ஆமா, ரூல்ஸ்தானே," என்று சிரித்துவிட்டு உள்ளே போனார். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. எந்த முகத்தோடு உலுக்குவேன்?

சித்தப்பா நேற்றும் போன் பண்ணினார். நம்ம ஆளை நாமே காட்டிக்கொடுக்கலாமா, உன் பேரும்தான் கெடும் என்றார். கெடட்டும். செல்வராணியும் நம்ம ஆள்தானே சித்தப்பா என்று கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை தொழிலாளர் அலுவலகத்தில் எனக்கும் செல்வராணிக்கும் நேரம் கொடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து நேரே சமூகநலத் துறைக்கும் போகிறேன். மேடம் தரப்பில் என் குரலைப் போட்டுக் காட்டுவார்கள், அந்த நாலு நிமிஷத்தையும் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாக வேண்டும்.

அப்பா, உங்களுக்கு இந்த ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மேடத்தின் பெயரைச் சொல்வதற்கு முன்னால், அந்த அதிகாரியிடம் என் பெயரைச் சொல்வேன். என் அப்பா தன் புண்ணைக் காட்டக் காட்ட, அதன்மேல் கைலியை இறுக்கிக் கட்டியவள் நான், முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள் என்பேன்.

உங்கள் மூத்த மகள்,
அமுதா