தகரத்தில் பிடிக்காத நுரை

ஜனவரி 6
மீன் வண்டிக்காரர் காலையிலேயே வண்டியோடு பட்டறை வாசலில் வந்து நின்றார். பெட்டியின் உட்பலகையைக் கழற்றிக் காட்டினார். வெயில் உள்ளே இறங்காமலிருக்க நான் அடித்த நுரை தகரத்தை விட்டுப் பாளம் பாளமாகக் கழன்று கிடந்தது. மதியத்துக்குள் ஐஸெல்லாம் தண்ணீராகிவிடுகிறதாம். கொழுந்தன் என் பக்கமே திரும்பாமல் அவரிடம் சொன்னான்: "அண்ணன் இருந்தப்ப இப்படி ஒரு பேச்சு வந்ததில்ல."

அண்ணனாம். பட்டறை போர்டில் என் புருஷன் பேரை அழித்துவிட்டுத் தன் பேரை எழுதும்போது எங்கே போயிருந்தார் அந்த அண்ணன்?

ஜனவரி 7
நுரை அடிக்க வெளி ஆளைக் கூப்பிடப்போகிறானாம். பட்டறையில் பாதி என்னுடையது. நுரை அடிக்கிற துப்பாக்கியை என் கையில் கொடுத்துப் பழக்கியவர் என் புருஷன். பிடுங்க இவன் யார்? மீன்காரருக்குப் புதுப் பெட்டி நானே அடித்துத் தருகிறேன், அதுவும் கழன்றால் பட்டறைப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்பு. சொல்லியாகிவிட்டது.

ஜனவரி 9
பிடித்துவிட்டேன்! தகரத்தை வெட்டித் துடைத்து வைப்பது அவன் வேலை. துடைக்கிற துணியை மோந்து பார்த்தேன் — மண்ணெண்ணெய். காய்ந்தாலும் பிசுக்கு போகாது. எண்ணெய்க் கையில் பிளாஸ்திரி ஒட்டுமா?

துணியைக் கொண்டுபோய் அவன் முன்னால் போட்டேன். துடைக்கத் தின்னர் வாங்கினால் என்ன விலை தெரியுமா என்றான். உன் மூளை என்ன விலை என்று தெரியும் என்றேன். அதற்குப் பிறகு பேசியதை எழுத வேண்டாம்.

சாயங்காலம் தின்னர் வந்தது.

ஜனவரி 10
விடியுமுன் பட்டறைக்குக் கிளம்பினேன். "ஏம்மா இந்தக் குளிர்ல?" என்றாள் மகள். அவன் வருவதற்குள் புதுப் பெட்டிக்கு நுரை அடித்து முடித்துவிட்டால் அந்த மூஞ்சியைப் பார்க்க வேண்டாமே. அவர் போன பிறகு தினமும் இப்படித்தான்.

ஜனவரி 12
கழன்றுவிட்டது.

இடது பக்கம் முழுக்கத் தோல் மாதிரி உரிந்து வருகிறது. கொழுந்தன் துப்பாக்கியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினான். ஏதாவது பேசியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன்.

ஜனவரி 13
வலது பக்கம் மட்டும் ஏன் கழலவில்லை? அதே தகரம், அதே தின்னர், அதே கலவை, அதே கை.

விடியற்காலையில் போய்ப் பார்த்தேன். இடது பக்கத் தகரம் சில்லென்று இருந்தது. விரலில் ஈரம். பனி. அன்றைக்கு அந்தப் பக்கத்தைத்தான் இருட்டோடு அடித்தேன். வலது பக்கத்துக்கு வருவதற்குள் வாசல் வெயில் ஏறித் தகரம் சூடாகியிருந்தது.

கடவுளே. அவன் மூஞ்சிக்குப் பயந்து — பயமெல்லாம் இல்லை, பிடிக்காமல் — நான் போய் நிற்கிற நேரம்தானா இதற்குக் காரணம்? முதல் பெட்டியும் இப்படி விடியுமுன்தானே அடித்தது?

ஜனவரி 14
அலமாரிச் சாவி கேட்கப் போனால் பனி விஷயத்தைச் சொல்லித்தானே ஆக வேண்டும். சொன்னேன்.

"அப்ப என்னைத் திட்டினதெல்லாம்?"

"அது மண்ணெண்ணெய்க்கு. அது அப்படியே இருக்கட்டும்."

சாவியைக் கையில் தரவில்லை, மேஜையில் வைத்தான்.

அவன் எதிரிலேயே இரண்டு துண்டுத் தகரத்தில் அடித்தேன். ஒன்று வெயிலில் காய்ந்தது, ஒன்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஈரத்தில் கிடந்தது. சாயங்காலம் இழுத்துப் பார்த்தான். ஈரத் துண்டில் நுரை முழுசாகக் கையோடு வந்தது. மற்றதில் நுரைதான் கிழிந்தது, தகரத்தை விடவில்லை. நம்பாமல் இன்னொரு தரம் இழுத்தான், பாவி.

ஜனவரி 16
இரண்டு நாளாகப் புதுப் பெட்டியிலிருந்து பழைய நுரையைச் சுரண்டுகிறோம். ஒரு முனையில் நான், மறுமுனையில் அவன். சீட்டி வேறு அடிக்கிறான், சுருதியே இல்லாமல்.

ஜனவரி 17
நல்ல வெயிலில் அடித்தேன். பக்கத்திலேயே நின்றான். நின்று தொலையட்டும்.

ஜனவரி 23
உட்பலகை அடிக்கும் முன் மீன் வண்டிக்காரர் பார்க்க வந்தார். கத்தியால் இடது மூலையை நெம்பினார். அசையவில்லை. இந்தத் தடவை யார் அடிச்சது என்று கேட்டார்.

"நாங்கதான்" என்றான் கொழுந்தன்.

அந்த 'நாங்க' எனக்குப் பிடிக்கவில்லை. திருத்தவும் இல்லை.