மேசைக்கு வராதவர்கள்

திங்கள், காலை 6.00, காற்று அறை
நிலவின் தென்முனை, ‘ஒரே உலை’ கூட்டுக் குடியிருப்பு. முப்பது வீடு, ஒரு சமையலறை, ஒரு காற்று இயந்திரம். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது நான், நவமணி. அழுத்தம் சரி. இரண்டாம் விசிறியில் சத்தம். பழுதுபார்க்கச் சொல்லி மறுபடியும் எழுதியாயிற்று.

செவ்வாய், இரவு 8.30
பழுதுச் செலவை வீட்டுக்கு வீடு சமமாகப் பிரித்துவிட்டார்களாம். தலைவர் தில்லைநாயகத்துக்கு நாலு அறை. பனிச்சுரங்கத்தில் வேலை செய்பவர்கள் ஒற்றை அறையில் ஐந்து பேர். பங்கு மட்டும் ஒன்றேதான். பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

இங்கே எல்லா முடிவும் பொதுச் சாப்பாட்டு மேசையில்தான். மேசைக்கு வராதவருக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். சாப்பாட்டுக் கட்டணத்தை ஏற்றிய பிறகு கீழ்வரிசை எட்டு வீட்டுக்காரர்களும் அறையிலேயே கஞ்சி வைத்துக்கொள்கிறோம். ஆக, எல்லாவற்றுக்கும் எங்களுக்குச் சம்மதம்.

புதன், காலை 8.10
தலைவரின் ஒலிச்செய்தி, அப்படியே: “நவமணி, கோவிச்சுக்காதம்மா. பங்கு கட்டாத எட்டு வீட்டுக்கும் சனிக்கிழமை காலையில காத்துக் குழாயை அடைச்சிடு. பூமிக்குப் போற கப்பல் வர்ற வரைக்கும் சிலிண்டர் வாங்கிச் சமாளிச்சுக்கட்டும். மேசையில ஒருத்தரும் மறுக்கலை.”

கப்பல் வர ஒரு மாதம் ஆகும். பங்கே கட்ட முடியாதவர்கள் சிலிண்டரை எதை விற்று வாங்குவார்கள்? பக்கத்து அறை ஸ்டெல்லாவின் குழந்தைக்கு இன்னும் தலைகூட நிற்கவில்லை. அதன் மூச்சையும் என் கையால் நிறுத்த வேண்டுமாம்.

வியாழன், இரவு 8.00
மறுப்புச் சொல்லப் போனேன். சாப்பாட்டுக் கூடத்தின் கதவு திறக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வறுத்த மீன். தலைவர் ஒலிபெருக்கியில் சொன்னார்: “கட்டணம் கட்டினவங்களுக்குத்தானேம்மா மேசையில பேச்சு. விதி உனக்குத் தெரியாததா?” சொல்லிவிட்டு அன்பாகக் கையாட்டினார். பாவி மனிதர். சாப்பிட்டுக்கொண்டே கையாட்டினார்.

வெள்ளி, இரவு 7.40
எட்டு வீட்டுக்காரர்களும் கஞ்சிப் பானையோடு காற்று அறைக்கு வந்துவிட்டார்கள். தரையில் போர்வை விரித்தோம். ஊறுகாய் இருந்தது. ஸ்டெல்லா மடியில் குழந்தை தூங்குகிறது. மேசை எந்த அறையில் இருக்க வேண்டும் என்று விதியில் எங்கேயும் இல்லை. முடிவு எடுத்தோம்.

வெள்ளி, இரவு 8.05
வந்த செய்தி: “நவமணி, கூடத்துல காத்தே வரலை... மேல்வரிசை வீடுங்கள்லயும் வரலையாம்... கதவைத் திறம்மா, பேசிக்கலாம்...”

வெள்ளி, இரவு 8.20
விசிறிச் சத்தம் குறைந்திருக்கிறது. கதவுக்கு வெளியே தட்டுகிறார்கள். கஞ்சி தீர்ந்துவிட்டது.
மேல்வரிசை இருபத்திரண்டு வீட்டிலிருந்தும் மேசைக்கு ஒருவரும் வரவில்லை. எல்லோருக்கும் சம்மதம் என்று பதிகிறேன்.