கோழிக்கூட்டுப் பலகை

செங்கலடி
20.05.2024

அன்புள்ள மேனு,

சோற்றுப்பெட்டி வந்து சேர்ந்தது. கோபத்திலும் மீன் பொரியலில் குறை வைக்கவில்லை. நீ போனை எடுக்கிறாய் இல்லை. எடுத்தாலும் மாமியின் காது பக்கத்தில் இருக்கும். ஆகையால் வெறும் பெட்டிக்குள் இதை வைத்து முத்தலிப்பின் ஆட்டோவிலேயே திருப்பி அனுப்புகிறேன்.

பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் படிப்பித்தது போதும், படிப்பித்ததைச் செய்து பார்ப்போம் என்று இருவரும் பேசித்தானே கம்பனி தொடங்கினோம்? வீட்டு வாசலில் நான் ஆணி அடிக்க, 'வாவி சொஃப்ட்வெயார்' பலகையை நேராகப் பிடித்தவள் நீ. உன் தங்கச்சி கோகிலாவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, மாமி சொன்னாரென்று அதைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்குள் செருகிவிட்டாய். "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும்" என்று அரசாங்கச் சம்பளத்தைப் புகழும் மாமி, என் கம்பனியைக் கோழிகளிடமே ஒப்படைத்துவிட்டார்.

சிரிக்க எழுதவில்லை. "எங்கட மூத்த மருமகன் பெரிய வகுப்புக்குப் படிப்பிக்கிறார்" என்று மாமி சொன்னபோது நான் தலையாட்டினேன். "இந்த முறை ரிசல்ட் எப்பிடி, ஸேர்?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். "பரவாயில்லை" என்றேன். நானெல்லாம் ஒரு மனிதனா! அந்த வெட்கம் தாங்காமல்தான் பலகையையும் தூக்கிக்கொண்டு இந்த ஆபீஸ் அறைக்கு வந்து படுத்திருக்கிறேன்.

உன்
உதயன்

வந்தாறுமூலை
27.05.2024

அன்புள்ள அத்தான்,

அடுப்படியில் நின்று வாசித்தேன். ஏன் கண் சிவந்திருக்கிறது என்று அம்மா கேட்டார். வெங்காயம் என்றேன்.

உங்களுக்கு வெட்கம். எனக்கு இல்லையா? பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளை எடுக்கிற ஊர் இது. அரசாங்க வாத்தியார் என்பதற்காகத்தான் அப்பா வட்டையிலிருந்த வயல் காணியை விற்று இந்த வீட்டைக் கட்டி என் பேரில் எழுதினார். கோகிலாவின் முறை வருவதற்குள் அவர் போய்விட்டார். அவளுக்குக் கட்டும் வீடு இன்னும் பூச்சு முடியாமல் நிற்கிறது. மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்ட இருந்தது உங்கள் உத்தியோகம் ஒன்றுதான். "மூத்தவர் வேலைய விட்டுட்டுச் சும்மா இருக்கிறாராம்" என்று ஒருவர் வாய் திறந்தால் போதுமே. கம்பனி என்றால் இங்கே யாருக்குப் புரியும்?

கல்யாணம் ஆவணியில். கார்டில் உங்கள் பெயருக்கு முன்னால் 'ஆசிரியர்' என்று அடித்தாயிற்று. எழுதிக் கொடுத்தது அம்மா இல்லை, நான்தான். திட்டுங்கள். ஆனால் அந்த ஒரு நாள் மட்டும் வாத்தியாராக வந்து நில்லுங்கள்.

அந்த அறையில் நுளம்பு அதிகம். போர்த்திக்கொண்டு படுங்கள்.

மேனு

செங்கலடி
02.06.2024

மேனுகா,

கார்டை முத்தலிப் கொண்டுவந்து காட்டினான். "ஸேர் திரும்பப் பள்ளிக்குப் போறீங்களா?" என்று சந்தோஷமாகக் கேட்டான். பக்கத்தில் இருந்த ரிப்கா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னிடம் படித்து, என்னை நம்பி வேலைக்கு வந்த பிள்ளை. கம்பனியில் வேலை என்று தன் வீட்டில் தலை நிமிர்ந்து சொல்கிறாள். கம்பனி நடத்துகிறவனோ தன் வீட்டில் வாத்தியார். அவள் முகத்தை அன்று முழுக்க என்னால் பார்க்க முடியவில்லை.

வருகிறேன். கோகிலா எனக்கும் பிள்ளை மாதிரித்தான். வேட்டி கட்டி நிற்பேன். கேட்டால் ரிசல்ட்டும் சொல்வேன். தாலி ஏறியதும் செங்கலடிக்கே திரும்பிவிடுவேன். என்னை நானாகச் சொல்லக் கூசுகிற வீட்டில் எனக்குத் தூக்கம் வராது.

சோறும் இனி அனுப்ப வேண்டாம். பெட்டியைக் கழுவி அனுப்பியிருக்கிறேன்.

உதயரூபன்

வந்தாறுமூலை
01.09.2024

அன்புள்ள அத்தான்,

வேண்டாம் என்ற பெட்டி வந்திருக்கிறதே என்று கோபப்படாதீர்கள். இறால் கறி. சாப்பிட்டுவிட்டு வாசியுங்கள்.

கல்யாணத்தில் பந்திக்குக்கூட இருக்காமல் போய்விட்டீர்கள். நேற்று கோகிலாவின் வீட்டுப் பூச்சுக்குச் சீமெந்து வாங்க, அம்மாவும் நானும் வாழைச்சேனைக்குப் போனோம். அவள் மாமனார் கோணாமலையரின் கடைக்குத்தான். கம்ப்யூட்டரில் பில் அடித்துத் தந்தார். அடியில் 'வாவி சொஃப்ட்வெயார், உதயரூபன்' என்று இருந்தது. போன வருடம் ரிப்கா வந்து பூட்டிக் கொடுத்த புரோகிராமாம். ஊரெல்லாம் கடை கடையாக உங்கள் பெயர் அச்சாகிறது, நானோ ஒரு பலகையைக் கோழிக்கூட்டில் ஒளித்தேன். அவர் கடையும் உங்கள் கணக்கில் இருக்கிற நினைவு உங்களுக்கும் வரவில்லையே, பெரிய கம்பனிக்காரர்!

அம்மா பில்லைப் பிடித்தபடி நின்றார். கோணாமலையர் சிரிக்கவில்லை. "பேச்சுக்கு வர முதலே விசாரிச்சதுதான் பிள்ள. கம்பனிக்காரர் எண்டதுல எங்களுக்குப் பெருமைதான். நீங்க வாத்தியார் எண்டு சொன்னீங்க. சபையில வச்சு உங்களக் கூச வைக்கப்படாது எண்டுதான் ரிசல்ட் கேட்டன்" என்றார்.

எங்கள் மானத்துக்காக அந்த மனிதர் நடித்திருக்கிறார், அத்தான். எனக்கு நிற்க நிலம் இல்லை. அதைவிட, அன்று நீங்கள் தலையாட்டியது ஞாபகத்துக்கு வந்ததும்தான் கடையிலேயே அழுதேன். வேற்று மனிதர் பெருமைப்பட்டதற்கு நான் வெட்கப்பட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, யாரும் சொல்லாமலே கோழிக்கூட்டைக் கழுவினார்.

வீடு என் பேரில் இருக்கிறது. அதன் வாசலில் என்ன தொங்க வேண்டும் என்று நான்தான் சொல்ல வேண்டும். அன்று சொல்லவில்லை. அவசரத்தில் ஆணியைப் பிடுங்கியதில் சுவர் பெயர்ந்திருந்தது. இன்று காலை அதைப் பூசி, பக்கத்தில் புது ஆணி அடித்திருக்கிறேன். கொஞ்சம் கோணல்தான்.

பலகையைக் கொண்டு வாருங்கள். நேராகப் பிடிக்க நான் நிற்கிறேன்.

மேனு