கீழே ஒரு மேசை

அன்புள்ள அக்கா,

இன்று காலை ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் கடந்து போனது. மேலே புது மஞ்சள் பூசியிருக்கிறார்கள். ஆனால் ஹாரனை மாற்றவில்லை. தொண்டை கட்டின வாத்து கத்துகிற மாதிரி அதே சத்தம். உங்கள் வேன்தான். இப்போது ஓட்டுவது யாரோ, முகம் தெரியவில்லை. டீசல் புகை மூக்கில் ஏறியதும் நின்ற இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. கூட வேலை செய்கிறவள், "என்னாக்கா?" என்று கேட்டாள். புகை என்றேன்.

அழுகை கொஞ்ச நேரம்தான். அப்புறம் கோபம் வந்தது. உங்களை நினைத்தாலே இப்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. உங்கள் மேல் இல்லை. அந்த மாடிப்படி மேல், அதில் ஏறினால்தான் ஓட்டு என்று சொன்னவர்கள் மேல்.

ரப்பர்த் தோட்டம் நம் கையை விட்டுப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பிறகு நிலத்தையே விற்றார்கள். லயத்து வீடுகளை இடித்தார்கள். ஆளாளுக்குச் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஈப்போ பக்கம் வந்து அடுக்குமாடிகளில் வாடகைக்கு ஒண்டிக்கொண்டோம். ஆனால் ஐ.சி. அடையாள அட்டையில் மட்டும் யாரும் விலாசத்தை மாற்றவில்லை. பீடோருக்கு உள்ளே இருந்த அந்தத் தோட்டத்துப் பெயர்தான் நம் அட்டையில் இன்னும் இருக்கிறது. "மாத்திட்டா நம்ம அங்க பொழச்சதுக்கே அடையாளம் இருக்காது லா," என்று நீங்கள்தான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்தீர்கள். அதனால் ஓட்டும் நமக்கு அங்கேதான்.

ஓட்டு நாள் வந்தால் உங்களுக்கு வருமே ஒரு மிடுக்கு! பள்ளிப் பிள்ளைகள் உட்காரும் இருக்கைகளை முதல் நாளே துடைத்து வைப்பீர்கள். விடிந்ததும் வீடு வீடாகப் போய் ஹாரனை அமுக்கிப் பழைய தோட்டத்துச் சனங்களை எழுப்புவீர்கள். "ஏன் புள்ள, கல்யாணத்துக்கா கெளம்புற? பொட்டு வச்சது போதும், வா லா!" என்று கீழே இருந்து கத்துவீர்கள். எல்லோரும் ஏறினதும் வேன் புறப்படும். தாப்பாவில் பாய் கடையில் ரொட்டி சானாய், நுரைத்த தே தாரே டீ. பாயும் நம் வேனை எதிர்பார்த்துக் காத்திருப்பார். பிறகு பீடோர். செம்மண் பாதையில் குலுங்கிக் குலுங்கி உள்ளே போய், நாம் படித்த அந்தப் பலகைப் பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கும். அதுதான் ஓட்டுச்சாவடி. வாசற்படிகூடக் கிடையாது. தவழ்கிற பிள்ளையும் உள்ளே போகலாம்.

உள்ளே போனால் பட்டியல் பார்க்கும் கெராணி பெயரையும் ஐ.சி. எண்ணையும் சத்தமாக வாசிப்பார். முதல் தடவை மாணிக்கம் அண்ணன் செய்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பெயர் வாசித்ததுதான் தாமதம், விறைப்பாக நின்று, "இருக்கேன் ஐயா!" என்று கூரை அதிரக் குரல் கொடுத்தார். தோட்டத்தில் பால் எடுக்க மரம் சீவினவர் இல்லையா? விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது குரல் கொடுக்காவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. அந்தப் பழக்கம். மேசையில் இருந்த மலாய்ப் பெண் திடுக்கிட்டுப் பேனாவைக் கீழே போட்டுவிட்டாள். அண்ணனுக்கு வெட்கம் தாங்கவில்லை. நீங்கள் விடுவீர்களா? அடுத்து உங்கள் பெயர். "இருக்கேன் ஐயா!" என்று அவரைவிடச் சத்தமாகச் சொன்னீர்கள். அதற்கப்புறம் நம் சனங்கள் அத்தனை பேரும் அப்படித்தான். "சத்தமா சொல்லுங்க. நம்ம இருக்கோம்னு தெரியட்டும்," என்பீர்கள்.

பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தையும் வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நம் ஓட்டு பட்டணத்துப் பெரிய பள்ளிக்கு மாறியது. மூன்று மாடிக் கட்டடம். வயதுப்படி அறை பிரித்தார்கள். ரொம்ப வயதானவர்களுக்குக் கீழே, மற்றவர்களுக்கு மேலே. நீங்கள் அப்போது கிழவியும் இல்லை, குமரியும் இல்லை. உங்களுக்கு இரண்டாம் மாடி.

அதற்குள் இனிப்பு நீர் வியாதி உங்கள் வலது காலை முழங்காலோடு எடுத்துவிட்டிருந்தது. அந்தத் தேர்தலுக்கு வேனை நான் ஓட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வழி நெடுக என்னைத் திட்டினீர்கள். "கியரை மாத்து புள்ள, வேன் அழுவுது!" என்றீர்கள். சக்கர நாற்காலியை மடித்துப் பின்னால் வைத்திருந்தோம். உங்கள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

படிக்கட்டின் கீழே வந்து நின்றபோதுதான் தெரிந்தது. மேலே போக வேறு வழியே இல்லை. அங்கே நின்ற அதிகாரியிடம், ஓட்டுச்சீட்டைக் கீழே கொண்டு வர முடியுமா என்று கேட்டேன். "தக் பொலே, காக்," என்றார். முடியாதாம். இவர் பெயர் அந்த அறையில்தான் இருக்கிறதாம், அந்த அறையில்தான் போட வேண்டுமாம். கீழே காலியாகக் கிடந்த ஓர் அறையைக் காட்டினேன். அதற்கும் தக் பொலே. சட்டம் பேசுகிற வாய்க்கு, வேண்டியவர்கள் கேட்டால் எத்தனையோ வழி தெரியும், ஒற்றைக் கால் மனுஷிக்கு மட்டும் ஒரு வழியும் தெரியாது!

"தூக்கிக்கொண்டு போய்விடலாம்" என்றார் அவர். ஒரு போலீஸ்காரரும் இரண்டு வாலிபர்களும் வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஹூப் என்று நாற்காலியோடு தூக்கினார்கள். மூன்றாவது படியிலேயே நாற்காலி சாய்ந்தது. உங்கள் சேலை மேலேறி, யாருக்கும் காட்டாமல் மூடி மூடி வைத்திருந்த அந்தக் கால் வரிசையில் நின்ற அத்தனை பேர் கண்ணிலும் பட்டது. "எறக்குங்க!" என்று கத்தினீர்கள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

நாங்கள் யாரும் போடுவதில்லை என்றேன். வேனில் வந்த எல்லோரும் அதையே சொன்னார்கள். நீங்கள் சேலையைச் சரி செய்துகொண்டே எங்களைப் பிடி பிடி என்று பிடித்தீர்கள். "என் ஓட்டு ஒன்னு போச்சுன்னு எல்லாத்தயும் போடாம வுடுவீங்களா? மூளை இருக்கா? போங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

போனோம். எப்போதும் எனக்கு முன்னால் நிற்கும் நீங்கள் இல்லாமல், இரண்டாம் மாடியில் கெராணி என் பெயரை வாசித்தார். "இருக்கேன்" என்று முணுமுணுத்துவிட்டு மைக்கு விரலை நீட்டினேன். திரும்பும்போது தாப்பாவில் பாய் உங்களுக்காக வண்டிக்கே தே தாரே கொண்டு வந்தார். குடித்தீர்கள். எல்லோர் விரலிலும் மை இருந்தது. நீங்கள் உங்கள் கையை மடியில் வைத்து மறைத்துக்கொண்டீர்கள். அடுத்த தேர்தலைப் பார்க்க நீங்கள் இல்லை.

என் வயிறு எரிகிறது அக்கா. வெளிநாட்டில் இருப்பவர் தபாலில் போடலாம். நல்லது, போடட்டும். ஈப்போவில் ரத்தம் சுத்தம் பண்ணுகிற மெஷினோடு கட்டிக்கிடக்கிறவருக்கு ஏன் அது இல்லை? தோட்டத்தை விற்றவனைக் கேட்காமல், விலாசத்தை ஏன் மாற்றவில்லை என்று நம்மைக் கேட்கிறார்கள். வாடகை வீட்டுக்காரன் எப்போது வெளியே போ என்பானோ தெரியாது, எந்தக் கதவு எண்ணை எழுதுவது?

போன மாதம் மாநில அதிகாரிகள் ஈப்போவில் ஒரு கூட்டம் வைத்தார்கள். ஓட்டுப் போடச் சிரமப்படுகிறவர்கள் வந்து குறை சொல்லலாம் என்றார்கள். மாணிக்கம் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது அவரும் நான்கு கால் ஊன்றுகோலில்தான் நடக்கிறார். போய்ப் பார்த்தால், கூட்டம் மேல் மாடியில்! லிஃப்ட் வாசலில் 'பழுது' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. சக்கர நாற்காலியில் வந்த சிலர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாணிக்கம் அண்ணன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார். "நீ போ புள்ள. நான் இங்கயே உக்காந்திருக்கேன்," என்றார்.

அதே வார்த்தை. எனக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது. "ஒருத்தரும் போக வேணாம்," என்று சொல்லிவிட்டுப் படியின் குறுக்கே தரையில் உட்கார்ந்தேன். காவலாளியிடம், "அவங்கள எறங்கி வரச் சொல்லுங்க," என்றேன். அவர் பயந்துபோய் மேலே ஓடினார். கொஞ்ச நேரத்தில் கோட்டு போட்ட ஓர் அதிகாரி பாதிப் படி வரைக்கும் இறங்கி வந்து நின்றார். சிரித்த முகம். "நாலு பேர் பிடித்தால் தூக்கிவிடலாமே, புவான்," என்றார்.

நான் சொன்னது மலாயில். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். "நாலு பேர் இருந்தா மேல உள்ள உங்க கூட்ட மேசையத் தூக்குங்க துவான். மேசைக்கு மானம் கெடையாது, தூக்கினா ஒன்னும் ஆவாது. எங்களுக்கு இருக்கு."

அவர் சிரிப்பு போய்விட்டது. மாணிக்கம் அண்ணன், "அப்படிப் போடு லா!" என்றார். நாற்காலிக்காரர்கள் கை தட்டினார்கள். அதிகாரி மேலே போனார். அப்புறம் எல்லோருமாக இறங்கி வந்தார்கள்.

பேசினேன். எந்த வயதானாலும் ஏற முடியாதவருக்குக் கீழேயே பெட்டி வையுங்கள் என்றேன். மெஷினில் கிடக்கிறவருக்குத் தபால் ஓட்டுக் கொடுங்கள், தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்கு அன்றைக்கு பஸ் விடுங்கள் என்றேன். உங்களைப் பற்றியும் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை, காலைச் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். செய்யாவிட்டால் மறுபடியும் போய் அதே தரையில் உட்காருவேன்.

ஆனால் என்னை விட்டுப் போகாதது அந்தப் பேச்சு இல்லை. அவர்கள் அந்த மேசையைப் படியில் இறக்கிக்கொண்டு வந்தார்கள் பாருங்கள், அதுதான். திருப்பத்தில் அதன் ஒரு கால் சுவரில் இலேசாக உரசியது. "பெலான், பெலான்! மெதுவாக!" என்று ஆளாளுக்குப் பதறினார்கள். உங்களைத் தூக்கிய அன்றைக்கு அந்த ஒரு சொல்லை யாருமே சொல்லவில்லை, அக்கா.

உங்கள்
தங்கச்சி