நைனாவின் இருட்டறை

என் ஆசை நைனாவுக்கு,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் வெளிச்சமா, இருட்டா? இங்கே ராயபுரத்தில் உன் பின்னறை நீ விட்டபடியே இருக்கிறது. சன்னலில் நீ அடித்த கோணியை எடுக்கவில்லை. ஓட்டு இடுக்கில் நீ அப்பிய களிமண்கூட உதிரவில்லை.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி பௌத்த சங்கத்தார் வந்து, அங்கே கதவைச் சாத்திக்கொண்டு தியானத்தில் உட்காருகிறார்கள். நீ வேலை முடிந்து வந்ததும் அப்படித்தானே உட்காருவாய். உள்ளேயிருந்து முனகலாகச் சரணம் கேட்கும். பிறகு விளக்கே இல்லாமல் சொம்பையும் செருப்பையும் சரியாக எடுப்பாய். "மேஸ்திரிக்கு ஞானக்கண்ணு தொறந்துக்கிச்சுப்பா" என்று தெருவே பேசியது.

துறைமுகத்திலும் அதே பேச்சுதான். மூட்டைமேல் போட்டிருக்கும் அடையாளத்தை, அந்த மார்க்காவைப் பார்த்துப் பிரிப்பது உன் வேலை. நீயோ கண்ணை மூடிக்கொண்டு, விரலை ஓட்டியே யார் சரக்கு என்று சொன்னாயாம். கூலிகள் கும்பிட்டார்களாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன மாதம் உன் பெட்டியை ஒழித்தேன். வேட்டி முனையெல்லாம் முடிச்சு. வேலைக்குக் கட்டுவதில் ஒன்று, சங்கத்துக்குக் கட்டும் வெள்ளையில் இரண்டு. இதென்ன கூத்து என்று அம்மாவைக் கேட்டேன். அவள் முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"உங்க நைனாவுக்குக் கண்ணு மங்கிக்கினே வந்துச்சுடி. தெரிஞ்சா வேலைய வுட்டுத் தூக்கிடுவானுங்கோன்னு யாராண்டயும் சொல்லல. முழுசாப் போறதுக்குள்ள இருட்டுல பழகிக்கணும்னு உள்ள போய்க் குந்திக்கினாரு. எந்த வேட்டின்னு தடவிப் பாத்தே தெரிஞ்சிக்கத்தான் அந்த முடிச்சு."

"அப்போ அந்தச் சரணம்?"

"இன்னா சரணம்? அழுதுகினு இருந்தாரு. நான் கதவாண்ட குந்திகினு கேட்டுகினு இருப்பேன்."

எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வந்தது நைனா. எங்களிடம் சொல்ல உனக்கு என்ன கேடு?

அம்மா இன்னொன்றும் சொன்னாள். "போவப் போவ அழுவ நின்னுபோச்சு. மூஞ்சி தெளிஞ்சு வெளிய வருவாரு." அப்படியென்றால் பழகப் போன இடத்தில் தியானம் தானாக வந்துவிட்டதா? பயத்தில் உட்கார்ந்தாலும் அது சேர்த்தியா? இனி யாரைக் கேட்பேன்?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கோணி தைக்கிற கிடங்கில் எனக்கு ஊசிக்காது தெரிவதில்லை. பக்கத்தில் இருப்பவள் கோத்துத் தருகிறாள். தலைவலி என்று சமாளிக்கிறேன். பொழுது சாய்ந்தால் வாசற்படி தடுக்குகிறது. இந்தக் கடிதத்தில் எழுத்தெல்லாம் மாங்காய் மாங்காயாக இருப்பதைப் பார்த்தால் உனக்கே தெரியும்.

நேற்று உன் அறையில் தாழிட்டு உட்கார்ந்தேன். தியானமாவது ஒன்றாவது! என் மூச்சே, பக்கத்தில் யாரோ இருப்பதுபோல் பயமுறுத்தியது. அழுகை முட்டிக்கொண்டு வர, வாயைப் பொத்திக்கொண்டேன். கதவுக்கு வெளியே அம்மாவின் இருமல் கேட்டது. பழைய இடத்தில் வந்து குந்தியிருந்தாள்.

"உனுக்குமாடி?" என்றாள்.

கதவைத் திறந்து அவளை உள்ளே இழுத்து என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். உனக்கு இது தோன்றவே இல்லையா நைனா?

வருகிற பௌர்ணமிக்கு உன் ஞானக்கண்ணைப் பற்றிப் பேசச் சொல்லிச் சங்கத்தார் கேட்டிருக்கிறார்கள். பேசுவேன். உன் கண் போனதைச் சொல்வேன், என் கண் போவதையும் சொல்வேன். வேலை போனால் போகட்டும். உன் அறையில் தினமும் உட்காருவேன். ஆனால் தாழ்ப்பாள் மட்டும் போட மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கண்ணையும் சேர்த்து வாங்கிக்கொண்டு பிறந்த மகள்,
தனம்